வாலு சொன்னதாக

"அப்பா, கிளம்பி வாங்க" என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. செருப்பை வெளியே விடு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போ என்பதைப் போல அதுவும் ஒரு வீட்டு விதி. அம்மா போட்டது. அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் பார்ப்பவர். கேட்டால் வந்துவிடுவார், அதுதான் சங்கடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஏதோ கோபத்தில் நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அடுத்த துறைமுகத்தில் இறங்கி, பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். ஒப்பந்தத்தின் நடுவில் இறங்கியவரை எந்தக் கப்பலும் சுலபத்தில் திரும்ப ஏற்றாது. வெகுநாள் வீட்டில் உட்கார்ந்து, ஒழுகாத குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "இனி அந்த வார்த்தை உன் வாயில வரட்டும், அந்த வாய்க்கே சூடு வெக்கிறேன்" என்றாள் அம்மா.

போன வாரம் அந்த வார்த்தையை எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "வர்றேன்டா." என்ன, ஏது என்று கேட்கவில்லை.

அந்த "டா" எனக்கானது அல்ல. என் தங்கைக்கானது. தங்கை இறந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. அப்பாவுக்குத் தெரியாது. இன்று மதியம் வந்து இறங்குகிறார். அதற்குள் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

தங்கையை எல்லோரும் வாலு என்போம். அவளும் அப்பாவும் சாயங்காலங்களில் இணையத்தில் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். வாளும் மந்திரமும் குகையும் பூதமும் உள்ள கற்பனை உலகம். படமெல்லாம் பெரிதாக இல்லை, எழுத்தாலேயே ஆடுவது. அதனால் கப்பலின் நோஞ்சான் இணைப்புக்கும் தாங்கும். அப்பா அதில் கோடாரி வீரர். வாலு பிணமெழுப்பி. செத்துக் கிடப்பவர்களை மந்திரம் போட்டு எழுப்பி, தன் படையில் சேர்த்துக்கொள்பவள். அந்த உலகத்தில் பிணமெழுப்பி என்றால் ஊருக்குள் விடமாட்டார்கள். கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்பா வெளியில் தங்கி அவளோடு காவல் இருப்பார், ஆனால் பிணங்களை எழுப்புவது தப்பு என்று அவளோடு சண்டை போடுவார்.

"உயிரோட இருந்தப்போ உழைச்சான். செத்தாலும் ஷிப்ட் முடியாதாடா அவனுக்கு?" என்று எழுதுவார்.

"புழு தின்னப் போறதைத்தானே நான் வேலைக்கு வெச்சுக்கறேன்? அதுக்குள்ள யாரும் இல்லப்பா. வீடு காலி."

"காலி வீடா இருந்தாலும் கதவைத் தட்டிட்டுத்தான் போகணும்."

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். எழுப்புவதற்கு முன் பிணத்திடம் "வரலாமா?" என்று கேட்க வேண்டும். அது பதில் சொல்லாது. சொல்லாது என்று தெரிந்தும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பிறகு எழுப்பலாம். ஆட்டத்தின் விதிகளில் இப்படி ஒன்று கிடையாது. இவர்களாகச் செய்துகொண்டது. வாலு சிரித்துக்கொண்டேதான் கேட்பாள், ஆனால் கேட்காமல் ஒருநாளும் எழுப்பியதில்லை.

ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு நான் சொன்னேன்: "வலி இருக்கிறவனுக்குத்தான் அநியாயம் நடக்கும். பிணத்துக்கு ஏது வலி? இதுக்கு ரெண்டு பேரும் பஞ்சாயத்து வேற." வாலு அதை அப்படியே அப்பாவுக்கு அடித்து அனுப்பினாள். "மேடமே சொல்லிட்டாங்க, அப்பீல் கிடையாது" என்று அவரிடமிருந்து வந்தது.

மேடம் என்பது நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதனால் மருந்துச் சீட்டு, மின்சார அலுவலகக் கடிதம், வீட்டுக்காரரோடு தகராறு எல்லாம் என் தலையில். "நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். அது பாராட்டு என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் என் இடத்தில் இருந்து பார்க்கட்டும். ஒரு வீடே உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உங்களுக்கும் தெரியாது என்று சொல்லக்கூட முடியாது.

வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள். பிறகு எதுவும் சொல்லவில்லை. அவள் போன அன்று மாமாதான் ஓடி வந்தார், அம்மாவின் தம்பி.

"மச்சானுக்குச் சொல்லியாச்சா?"

"நடுக்கடல்ல இருக்கார் மாமா. இறங்க முடியாத இடத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? ஏதாச்சும் பண்ணிக்கிட்டார்னா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "அவ படிச்சவ. யோசிச்சுத்தான் சொல்லுவா" என்றார் மாமா.

துறைமுகம் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றேன். துறைமுகம் வந்தது. போனது. அங்கிருந்து அப்பா பேசியபோது, "அவ எங்க?" என்று கேட்டார். நான் எதிரே நின்று கண்ணைக் காட்டினேன். "தூங்கறா" என்றாள் அம்மா. போனை வைத்த பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுத குரல் பழகிவிட்டால் அடுத்த முறை அவருக்குத் தெரிந்துவிடும் என்று எடுத்துச் சொன்னேன். வாலுவின் படம் எதையும் சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மெத்த நல்லவள் அம்மா. மகளுக்கு அழாமல் இருப்பது எப்படி என்று மகளிடமே கற்றுக்கொண்டாள்.

அப்பாவைச் சமாளிக்க நான் வாலுவின் பெயரில் ஆட்டத்துக்குள் போனேன். எனக்கு அது கஷ்டமான வேலை அல்ல. நான் ஒரு பார்சல் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். பொருள் தொலைந்தவர்களுக்கு நாள் முழுவதும் நிறுவனத்தின் குரலில் வருத்தம் தெரிவித்து எழுதுவேன். "உன் மன்னிப்பைப் படிச்சா, பார்சலைத் தொலைச்சது நாமதானோன்னு அவங்களுக்கே தோணிடும்" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி. வாலு எங்கே எழுத்தை விழுங்குவாள், எதற்குச் சிரிப்பாள் எல்லாம் எனக்கு அத்துப்படி. கூடவே வளர்ந்தவள்தானே.

முதல் நாளே அப்பா கேட்டார்.

"வாலு, அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இல்லப்பா."

"அவளுக்கு என் மேல கோபமாடா? போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கறா. எனக்கும் என்ன பேசறதுன்னு தெரியல. ஏதாச்சும் தப்பா சொல்லி, இவ்வளவுதானா நீங்கன்னு நெனச்சுட்டா? அவ பட்டம் வாங்கின போட்டோவ எஞ்சின் ரூம் கதவுல ஒட்டியிருந்தேன். சூட்டுல சுருண்டு போச்சு. இன்னொண்ணு அனுப்பச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லிடாத."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. இதை என்னிடம் சொன்னால் என்ன கேடு? இத்தனை வருடம் இந்த மனிதர் என்னிடம் "சாப்பிட்டியா, போனை வெக்கட்டுமா" என்பதைத் தாண்டி வாய் திறந்ததில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வாலுவாக இருந்துகொண்டு என்னைப் பற்றி விசாரிப்பேன். அக்கா சின்ன வயசுல எப்படிப்பா இருந்தா, அக்காவுக்கு யார் ஜாடைப்பா, அக்கா காலேஜ்ல சேர்ந்தப்போ நீங்க அழுதீங்களாப்பா. எந்தத் தங்கையும் தன் அக்காவைப் பற்றி இவ்வளவு கேட்க மாட்டாள். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார். தவழும்போது நான் அவருடைய பூட்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டு தூங்குவேனாம். எனக்கு அது தெரியாது.

ஒருமுறைதான் சறுக்கினேன். சண்டையில் விழுந்த ஒரு வில்லாளியைக் கேட்காமல் எழுப்பிவிட்டேன்.

"ஏண்டா கேக்கல?"

"மறந்துட்டேன்பா."

"மறக்கலாம். பழகிடக் கூடாது."

அதோடு விட்டுவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் மறக்காமல் கேட்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று உங்களையே கேட்கிறேன். அந்த ஆட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் உயிரோடு இருந்தபோது பேசியதையேதான் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். என் வாலு புதிதாகப் பேசினாள். புதிய ஜோக் சொன்னாள். அப்பா வெடித்துச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தாராம். அவள் உயிரோடு இருந்தபோதுகூட அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

அம்மா விஷயத்தில்தான் என் கணக்கு பிசகியது.

அம்மா வீட்டில் துணி தைப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினில் உட்கார்ந்து மஞ்சள் துணியில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"சின்னவளுக்கு. போன வருஷத்து அளவு பத்தாது. வளர்ந்திருப்பா. நீ கொஞ்சம் வந்து நில்லு."

நின்றேன். தோளில், இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "ஆடாம நில்லு வாலு. எப்பப் பாரு ஒரு நெளிப்பு" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அம்மா, நான் பெரியவ" என்றால் முடிந்தது. அவள் கை என் தோளில் சூடாக இருந்தது. என்னிடம் அப்படி ஒரு சலுகையோடு அவள் பேசி எவ்வளவோ காலம் ஆகிறது. "கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்மா" என்றேன். என் குரலில் அல்ல.

அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் என்னைப் பெரியவளே என்று கூப்பிடுவதில்லை. சில வேளை என்னிடமே, "அக்கா ஆபீஸ்லேர்ந்து வந்துட்டாளா?" என்று கேட்கிறாள்.

இது இப்படியே போகக் கூடாது என்று முடிவு செய்துதான் அப்பாவை வரச் சொன்னேன். வாலுவின் பெயரில்தான். என் பெயரில் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வாலுவாக நான் ஆடிய முதல் நாள் என்று சொன்னேன். அது எந்த நாள் என்று சொல்லவில்லை.

அவள் அப்போது உயிரோடு இருந்தாள். பொது வார்டில், ஜன்னலோரக் கட்டில். போனைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. "நீ அடி, நான் சொல்றேன்" என்றாள்.

"சொல்லு."

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. கிளம்பி வாங்க."

அடித்தேன். "அப்பா, காய்ச்சல் விட்டுடுச்சு. இன்னிக்கு எந்தக் குகைக்குப் போறோம்?" என்று அடித்தேன். வீட்டு விதி இருக்கிறது. அவருடைய வேலை இருக்கிறது. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைய நிலைமைக்கு அது நியாயமான முடிவு. நான் அடித்த அந்த வரிக்கு வந்த பதிலில்தான் அவர் கோபம், போட்டோ என்று என்னைப் பற்றி அப்படி எழுதினார்.

"என்ன சொன்னார்?" என்றாள் வாலு.

"கிளம்பிட்டாராம்" என்றேன். பதிலையும் வாசித்துக் காட்டினேன். நான் உண்டாக்கிய அப்பா நிஜ அப்பாவைவிட நிறையப் பேசினார். பயப்படாதடா தங்கம், அடுத்த துறைமுகத்துல இறங்கறேன், வந்ததும் உன் பக்கத்துலயே படுத்துக்கறேன் என்றார். வாலு தலையணையைக் கதவுப் பக்கம் மாற்றி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

மறுநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவைக் கூப்பிடவில்லை, நான்தானே படித்தவள். "அப்பா எங்கம்மா இருக்கார்? உடனே வரச் சொல்லிடுங்க" என்றார். மாமாவிடம் நடுக்கடல் என்றேன் அல்லவா, அது பொய். அந்த வாரம் முழுக்கக் கப்பல் கரையோரம் நங்கூரம் போட்டுக் கிடந்தது. ஒரு வரி போதும், மறுநாள் வந்திருப்பார்.

அன்று சாயங்காலம் வாலுவின் கட்டிலில் உட்கார்ந்து நான் அப்பாவிடம் கேட்டது, அக்கா பிறந்த அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. சொன்னால் அவர் வந்துவிடுவார். வந்தால் ஆட்டம் நின்றுவிடும். இன்னும் ஒரு நாள், அவ்வளவுதான் நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் படித்துக்கொண்டே இருந்தேன். வாலு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாராவது உள்ளே வந்தால் தலையைத் தூக்குவாள். பிறகு தூக்கவில்லை.

இப்போது கிளம்புகிறேன். பேருந்து நிலையத்திலேயே அவரை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. தெரிந்துதான் போகிறேன். மாற்றுத் துணி பையில் இருக்கிறது.

"எங்கடி?" என்றாள் அம்மா, மிஷினிலிருந்து.

"அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்மா."

"ரெண்டு பேருமா போறீங்க?"

"ம்."

வாசலில் நின்று, வாலுவின் பெயரில் ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். "அப்பா, அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லுவா. அவளைத் திட்டாதீங்க. பாவம்பா அவ. எனக்கு அவ மேல கோபமே இல்ல."

அவள் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள். படி இறங்கி நடந்தேன்.