திரும்பி வராத வெள்ளைப் பந்து

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் ஐயா அவர்களே, கோல் பிடித்து ஆட வரும் பெரியவர்களே, முன் வரிசையில் இருக்கும் எங்கள் மேஸ்திரியின் வீட்டம்மாவே! எல்லாருக்கும் வணக்கம்.

இந்த பில்லியர்ட்ஸ் மன்றத்தில் இருபது வருசமாகப் பந்து துடைக்கிறவள் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசை மேஸ்திரி நம்மை விட்டுப் போய்விட்டார். பேனா வைக்கிற பையில், மேசை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டம் வைத்திருப்பார். அதனால் நமக்கெல்லாம் அவர் ‘ரசமட்டம் ஐயா’. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர், ஆனாலும் என்னை ‘அக்கா’ என்பார். கேட்டால், “எனக்கு முன்னாடியே வேலைக்குச் சேந்தவங்களாச்சே!” என்பார்.

நான் சேர்ந்த மூணாம் வருசம், இறுதிப்போட்டி. பந்தெல்லாம் பளபளவென்று இருக்கட்டுமே என்று, தலைக்கு வைக்கிற எண்ணெயைத் துணியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். யாராவது செய்வார்களா? நான் செய்தேன்!

ஆட்டக்காரர் வெள்ளைப் பந்தின் அடிவயிற்றில் குத்தினார். அது போய் அடுத்த பந்தில் மோதியது. பின்னால் சுழன்று திரும்பி வர வேண்டிய பந்து, மோதின இடத்திலேயே பம்பரமாகச் சுற்றிக்கொண்டு நின்றது! தலைவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, அன்றைக்கு நீங்கள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. “மேசை சரியில்ல! மேஸ்திரிய மாத்து!”

ரசமட்டம் ஐயா பந்தை எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சம்பளத்தில்தான் மருமகளும் கைக்குழந்தைப் பேத்தியும் சாப்பிட்டார்கள். கை நீட்டி என்னைக் காட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். காட்டினாரா?

“எண்ணெய் ஏறியிருக்குங்க. தப்பு என்னுது. எதால துடைக்கணும்னு அக்காவுக்கு நான் சொல்லவே இல்ல” என்றார். காய்ந்த துணியால் அந்தப் பந்தைத் துடைத்து மறுபடி குத்திக் காட்டினார். மோதியது, ஒரு நொடி நின்றது, நாய்க்குட்டி மாதிரி அவரிடமே திரும்பி வந்தது. நீங்களே கை தட்டினீர்கள் ஐயா!

அப்புறம் என்னிடம் வந்து, “ஏன்க்கா, எண்ணெய் வச்சீங்க சரி, சடை பின்னலையா?” என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். “உரசலை எல்லாரும் திட்டுறாங்க. மேசைத் துணி பந்தைப் பிடிக்கலேன்னா, அது நின்ன இடத்துலயே சுத்தும்; போக வேண்டிய இடத்துக்குப் போகாதுக்கா.”

அந்தப் பேத்தி இன்றைக்குக் காலேஜில் இயற்பியல் படிக்கிறாள். போன மாசம் உராய்வுப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். பாதி வரியில் நிறுத்தினாள். மீதியை நான் சொன்னேன். “பாட்டி! உனக்கெப்படித் தெரியும்?” என்றாள். ரசமட்டம் ஐயா பேரைச் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்!

நேருக்கு நேர் மோதினால், வந்த பந்து தன் ஓட்டத்தை முழுசாக அடுத்த பந்துக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும் என்பார். நின்றுவிட்டீர்களே ஐயா! ஓட்டம் இப்போது எங்களிடம் இருக்கிறது.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு, அவள் தப்பு செய்வதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்: “காஞ்ச துணிம்மா. காஞ்ச துணி மட்டும்தான்.”