மருந்து எங்கே போனது

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மீன் வைப்பதில்லை. அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள் என்பதால் இது உங்களுக்கு விநோதமாகத் தெரியலாம். காலையில் வந்த மீனை அன்றே ஆக்கித் தின்றுவிட வேண்டும், ஐஸில் கிடந்ததை விற்கலாம், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவள் கட்சி. அதனால் எங்கள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவு, தயிர், முட்டை, அப்புறம் அப்பாவின் ஊசி மருந்து, இவ்வளவுதான் இருந்தன. உங்கள் ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் என்னைச் சோதிக்க வந்தபோது முட்டைகளுக்குப் பக்கத்தில் பார்த்த பெட்டி அதுதான்.

நீங்கள் எழுத்தில் கேட்டிருக்கும் கேள்வி எளிமையானது. என் அப்பா வேதநாயகம் சிறுநீரக நோயாளி. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டுகிற எரித்ரோபாய்டின் ஊசியை வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும்படி டாக்டர் எழுதிக்கொடுத்தார். சைக்கிள் பந்தயத்தில் இருப்பவர்கள் அதை ஈ.பி.ஓ. என்பார்கள். மூச்சு வாங்காமல் மேடு ஏற உதவும் என்பதால் பந்தயத்தில் அதற்குத் தடை இருக்கிறது. அப்பாவுக்கு அளவை இரண்டு மடங்காக்கியும் ரத்தம் ஏறவில்லை. ஆகஸ்டில் இறந்துபோனார். அவருக்கு ஊசி போட்டுவந்தது நான். நானோ தொழில்முறை அணி ஒன்றில் ஒப்பந்தம் கிடைக்கவிருக்கிற வீராங்கனை. அப்படியானால் அந்த மருந்து எங்கே போனது என்று கேட்கிறீர்கள். நான் திருடி எனக்குப் போட்டுக்கொண்டேன் என்று சந்தேகப்படுகிறீர்கள்.

என் சிறுநீரிலும் ரத்தத்திலும் நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. சில நாளில் அது உடம்பை விட்டுப் போய்விடும், அதனால் இல்லாததே ஆதாரமாகிவிடாது என்கிறீர்கள். நியாயம்தான். தரமணியில் மாலை வகுப்பில் விளையாட்டு அறிவியல் படிக்கிறேன். அங்கேயும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே மருந்து எங்கே போனது என்று முழுதாகச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. இதை ஏற்கெனவே எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். கோபமாக எழுதியது பொய்போல இருந்தது. இந்த முறை நடந்த வரிசையில் எழுதுகிறேன். சரியாகச் சொல்கிறேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தொண்ணூறுகளில் மாநிலத்துக்காகச் சைக்கிள் ஓட்டியவர். ஒரு தங்கப் பதக்கத்தின் பேரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. குப்பத்திலிருந்து மந்தைவெளி வாடகை வீட்டுக்கு நாங்கள் வந்தது அந்த வேலையால். என்னைச் சைக்கிளில் ஏற்றியதும் அவர்தான். விடியற்காலையில் திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். சாலையில் அவர் ஸ்கூட்டரில் முன்னால் போவார். அவர் முதுகு காற்றைத் தடுக்கும், நான் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை ஒட்டியபடி மிதிப்பேன். அவர் வேகம் போதாவிட்டால் "ஏத்து நைனா" என்று பின்னாலிருந்து கத்துவேன். பல வருடம் நான் பார்த்த உலகம் அந்த முதுகுதான்.

போன வருடக் கடைசியில் அப்பாவின் பழைய கூட்டாளி அன்வர் பாஷா அவரைப் பார்க்க வந்தார். இருவரும் ஒரே அணியில் ஓட்டியவர்கள். ஊசி போடும் நாள் என்பதால் நான் பெட்டியை வெளியே எடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடப்பாவி வேதா, இன்னாடா இது. நம்ம பழைய ஆளு."

"அதே ஆளுதான் மச்சி," என்றார் அப்பா.

"அப்ப இத்த ஐஸ்கிரீம் டப்பாவுல ஒளிச்சிக்கினு, டாய்லெட்டுல பூந்து குத்திக்கினோம். இப்ப இன்னாடான்னா ஷோக்கா முட்டைக்குப் பக்கத்துல குந்திக்கினு கீது. டாக்டரே சீட்டு எழுதித் தர்றாரு."

"வயசானா மரியாதை தானா வருது பாரு."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அம்மா எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். நான் ஊசியைப் போட்டேன்.

அன்வர் பாஷா போன பிறகு கேட்டேன். அப்பா மறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப அல்லாரும் போட்டாங்கோ பாப்பா. கோச்சு டப்பாவோட வருவாரு. வைட்டமின்னு சொல்வாரு. நாங்களும் ஒண்ணும் தெரியாத மாரி கைய நீட்டுவோம்."

"போடாதவங்களே இல்லியா?"

"இருந்தான் ஒருத்தன். வெள்ளைச்சாமி. சைதாப்பேட்டை ஸ்டேஷனாண்ட பஞ்சர் ஒட்டிக்கினு கீறான் பாரு, அவன்தான். நான் தங்கம் வாங்குனப்ப ரெண்டாவது வந்தான்."

வெள்ளைச்சாமியை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து என் டியூபுகளை அவரிடம்தான் ஒட்டக் கொடுப்பேன். பாவம், அவனுக்கும் ஏதாவது கிடைக்கட்டும் என்று சொல்லித்தான் அப்பா அனுப்புவார். அதைத் தன் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தார். அடுத்த நாள் நான் சைதாப்பேட்டைக்குப் போய் அவரிடம் நேராகச் சொன்னேன். அவர் டயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பவே தெரியும்மா. உங்கப்பன் நல்லவன்தான். வுடு," என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேலும்தான். அவருக்கு வந்திருக்க வேண்டிய சம்பளத்தில் நான் பால் குடித்து வளர்ந்திருக்கிறேன். அவர் வுடு என்கிறார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு தேசியப் பந்தயத்தில் நான் நான்காவதாக வந்தேன். முன்னால் வந்த மூன்று பேரில் ஒருத்தி பிறகு ஊக்கமருந்தில் மாட்டினாள். எனக்கு வெண்கலம் கூரியரில் வந்தது. நான் வீட்டில் இல்லாததால் வீட்டுக்கார ஜானகி மாமி கையெழுத்துப் போட்டு வாங்கி, பாத்திரக் கடைப் பார்சல் என்று நினைத்து மாடிப்படியில் வைத்துவிட்டார். மேடை இல்லை, கைதட்டல் இல்லை. அன்று அப்பா என்னைவிட அதிகமாகத் திட்டினார். "திருட்டுப் பசங்க," என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அன்வர் பாஷா வந்துபோன பிறகு நான் திரும்பத் திரும்ப நினைத்தது அந்தத் தோளைத்தான்.

மார்ச்சில் தாய்லாந்திலிருந்து ஒரு மகளிர் அணி கூப்பிட்டது. செப்டம்பரில் தேர்வு ஓட்டம், தேறினால் ஒப்பந்தம். அந்த வாரம் ஊசி போட உட்கார்ந்தபோது அப்பா சட்டையைத் தூக்காமல் என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பாதி போதும் பாப்பா. மீதிய நீ போட்டுக்கோ. முன்னாடியே நிறுத்திட்டா ஒண்ணும் தெரியாது."

"அப்ப உன் ஒடம்பு?"

"எனக்கு இன்னா, குந்திக்கினு கீறவன்தானே. மேடா ஏறப்போறேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். இதை நான் மறுக்கவில்லை. தன் உடம்புக்குத் தேவையானதில் பாதியை எடுத்துக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. தயிர் எடுக்கப் போனாலும் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு முறை கையிலும் எடுத்தேன். உங்களுக்கு இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன்: எடுத்தேன், போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாலை வகுப்பில் இந்த மருந்தைப் பற்றிப் பாடம் நடந்தது. அது ஒரு புரதம், சூடு பட்டால் செத்துவிடும் என்றார் ஆசிரியர். மீன் கெட்டால் வீடே நாறும். இது கெட்டால் நிறம் மாறாது, வாடை வராது. தெளிந்த தண்ணீர்போல அப்படியே இருக்கும்.

ஏப்ரலில் ஒரு மதியம் பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஜானகி மாமி வடாம் பிழிந்து காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தியா, நல்லதாப் போச்சு. கீழ அடுப்புல குக்கர் இருக்கு. காக்கா வராம செத்த பாத்துண்டிரு காவேரி."

"சரி மாமி."

கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் பெட்டியை வைத்துவிட்டு, வெயில் இறங்கும்வரை காக்கா விரட்டினேன். மாமி திரும்பி வந்து, பாதி காய்ந்த வடாமை எடுத்துத் தின்னக் கொடுத்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டுக் கேட்டு வாங்கித் தின்பேனாம். பிறகு பெட்டியைக் கீழே கொண்டுபோய் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

செத்த மருந்தின்மேல் எனக்கு ஆசை வராது. அவ்வளவுதான் என் எண்ணம். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது அது. அப்பாவுக்கு வேறு புதுப் பெட்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். அதைப்பற்றி யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் போட்டேன்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு பெட்டியும் மாடிக்குப் போய்விட்டுத்தான் ஃப்ரிட்ஜுக்கு வந்தது. ஒரு வாரமும் ஊசி தவறவில்லை. ஒரு சொட்டும் நான் குறைக்கவில்லை. வேறு எதையும் அவர் உடம்பில் சேர்க்கவில்லை. அந்த மருந்தால் வந்த வேலை, வீடு, மரியாதை எல்லாம் அவரிடமே இருந்தன. மருந்து இல்லாமல் தன் உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு தடவையாவது அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். வெள்ளைச்சாமி அப்படித்தானே இத்தனை வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். இது அநியாயமான எண்ணமாக எனக்கு இன்றும் படவில்லை.

ஜூன் மாதம் அப்பாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. நடுப்படியில் உட்கார்ந்து, செருப்பைத் தேடுகிறவர்போல நடிப்பார். நகம் வெளுத்துவிட்டது. ஸ்கூட்டர் எடுப்பதை நிறுத்தினார். அம்மா கறிக்கடையில் சொல்லிவைத்து, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் வாங்கி, மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தாள், ரத்தம் ஊறும் என்று.

"இன்னாடி இது, ஊசி போட்டும் ஏற மாட்டேங்குது?" என்று என்னைக் கேட்பாள்.

"சிலருக்கு ஏறாதும்மா."

டாக்டரும் அதையேதான் சொன்னார். அளவைக் கூட்டினார். பிறகு, இனிக் காத்திருக்க முடியாது, ரத்தம் ஏற்றிவிடலாம் என்றார். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ரத்தம் ஏத்திக்கிறதும் பந்தயத்துல தப்பு சார். எம் பொண்ணு என்ன ஊட்டுக்குள்ள வுடாது."

டாக்டர் சிரித்தார், அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்காமல் என்னைப் பார்த்தார். ஏற்றிக்கோ நைனா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏற்றிக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் காத்திருந்தார் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையில் சுத்தமாக எடுத்த முதல் முடிவு அது என்று எனக்கு அப்போது பட்டது. அதைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

ஆகஸ்டில், தேர்வு நெருங்கும்போது, ஒரு நாளாவது முன்னால் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா வேண்டாம் என்றாள். நான் சைக்கிளை வெளியே எடுத்தேன். ஈ.சி.ஆரில் நீலாங்கரை தாண்டியதும் ஸ்கூட்டர் தளர்ந்தது. நான் கத்தினேன். வேகத்தைக் கூட்டினார். மறுபடி தளர்ந்தது, மறுபடி கத்தினேன், மறுபடி கூட்டினார். அவர் தோள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாமல் இருக்குமா. இன்னொரு முறையும் கத்தினேன். ஸ்கூட்டர் சாலையை விட்டு மணலில் இறங்கிச் சாய்ந்தது. ரத்தமே இல்லாமல் இதயம் எவ்வளவு காலம்தான் இழுக்கும் என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் தேர்வுக்குப் போனேன். தேறினேன். எதுவும் போட்டுக்கொள்ளாமல் தேறினேன்.

காரியத்துக்கு வந்திருந்த அன்வர் பாஷா, ஊசி போட்டும் ரத்தம் ஏறவில்லை என்று அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, பந்தலில் எல்லார் எதிரிலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க பண்ணாத தப்பு இல்ல. ஆனா எங்க காலத்துல எவனும் அப்பன் மருந்தத் திருடி ஓட்டுல. த்தூ." உங்களுக்குப் புகார் எழுதியதும் அவர்தான். டாய்லெட்டில் புகுந்து குத்திக்கொண்டவர் என்னைத் திருடி என்கிறார். அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி எரியவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மருந்து முழுவதும் அப்பாவுக்கே போனது. செத்துப்போய்ப் போனது. அதைச் சாகடித்தது நான். அதனால் அவர் செத்தார் என்பதும் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். உங்கள் அதிகாரிகள் எடுத்துப்போன பெட்டியை ஆய்வுக்கு அனுப்புங்கள். அதில் வீரியம் இருக்காது. எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அது.

இதைப் போலீஸுக்கு அனுப்ப வேண்டியது உங்கள் கடமை. அனுப்புங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன். தாய்லாந்து அணி இந்த மாதக் கடைசிவரை என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். போலீஸ் வருவதற்கு முன்னால், நான் ஊக்கமருந்து எடுக்கவில்லை என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் சுத்தமானவள் என்று எழுதி வாங்குகிற முதல் ஆள் நான்.