சஷ்டியன்றும் அடித்த மணி

இங்கே கறிவேப்பிலை நல்ல மலிவு, பிள்ளை. கனடாவில் யானை விலையாமே. போகும்போது காயவைத்துக் கொண்டுபோ. மற்றது, அப்பா எப்படிச் செத்தார் என்று வந்த நாளிலிருந்து கேட்கிறாய். சின்னம்மா ஏன் மறைக்கப்போகிறேன்?

நீ அனுப்பிய மருந்துப் பெட்டி அருமையான சாமான். சவர்க்காரப் பெட்டி அளவுதான். நேரம் வந்தால் கீகீயென்று கத்தும், ஒரு மூடி திறக்கும், உள்ளே சீனி வருத்தக் குளிசை இருக்கும். என் அக்கா, உன் அம்மா, சாகும்வரை குளிசையும் கையுமாக அப்பாவின் பின்னால் திரிந்தாள். அத்தான் அவளை ஒரு மனிசியாகவே மதிக்கவில்லை. பெட்டி கத்தினால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்துபோய் விழுங்குவார். "மிஷின் பிழை விடாது, நேசம்" என்பார் என்னிடம். அவ்வளவுதான் அந்த மண்டை.

சாப்பிடாத நாளில் குளிசை கூடவே கூடாது, சீனி இறங்கி ஆளைக் கொண்டுபோய்விடும் என்று, அக்கா போனபிறகு அவரைப் பார்த்துக்கொண்ட என்னிடம் டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அவருடைய வெள்ளிக்கிழமை விரதங்களுக்கு முதல் நாளே மணியை நிறுத்திவைப்பேன். அவர் அதைக் கவனித்ததேயில்லை. மிஷினுக்குப் பஞ்சாங்கமும் தெரியும் என்று வெள்ளவத்தை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

சண்டை திரும்பவும் தொடங்கிய வருடம், ஆடி மாதம். கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய பைக்குள் பெட்டி கத்தியது. ஆமிக்காரன் குண்டென்று நினைத்துத் துவக்கைத் தூக்கினான். அத்தானுக்குக் கை நடுங்கியது. கந்தோர் வேலையில் படித்த சிங்களம் அன்றுதான் உதவியது. பையை என் கையில் திணித்துவிட்டு, "மகே நெவெயி மாத்தயா, மே நோனாகே" என்றார். என்னுடையதல்ல, இந்த அம்மாவுடையது. எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும்.

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது போதும், பிடித்துக்கொண்டுபோய் மறுநாள்தான் விட்டார்கள். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லமாட்டேன். அவர் வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீ பொம்பிளைதானே, ஒண்டும் செய்யமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். நான் முகம் கழுவிவிட்டுப் புட்டு அவித்துக் கொடுத்தேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் பிடிக்க அவருக்கு எங்கே துணிவு? சூரன்போர் அன்று மட்டும் தண்ணீரோடு இருப்பார். விபூதிப் பூச்சுக்கு மட்டும் ஆறு நாளும் குறைவில்லை. இந்த முறை நான் மணியை நிறுத்தவில்லை. மறதியில்லை, பிள்ளை.

காலையில் பெட்டி கத்தியது. "இண்டைக்கும் அடிக்குதே?" என்றார்.

"மிஷின் பிழை விடாதெண்டு நீங்கள்தானே சொல்லுவியள், அத்தான்."

விழுங்கினார்.

மத்தியானம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, சாவடியில் நடுங்கிய அதே கை. "நேசம், கொஞ்சம் சீனி தா" என்றார். சீனிப் பேணி என் மடியில்தான் இருந்தது.

"விரதம் முறிஞ்சிடும், அத்தான்" என்றேன்.

இன்னும் இரண்டு தரம் கேட்டார். பிறகு நாக்குக் குழறியது, பிறகு அதுவும் இல்லை. மூச்சு அடங்கும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். அவருடைய விரதம் முறியவில்லை. அந்தப் புண்ணியம் எனக்குத்தான்.

பொலிசுக்குச் சொல்வதென்றால் சொல்லு, பிள்ளை. நான் பொம்பிளைதானே. ஒன்றும் செய்யமாட்டார்கள்.