நாரைக் கூட்டில் ஒரு கண்

"ஹலோ... ஹலோ, மக்கார்! அக்கா பேசுறேன்டா. வாயில நல்லா வருது எனக்கு. என் வீட்டுக் கம்பத்துல, நாரைக் கூட்டுக்குள்ள, போன தடவ வந்தப்ப கேமரா வச்சது நீதானே?... பொய் சொல்லாத. வயர் காத்துல ஆடுது... ஆமா, ஆமா, பாத்துட்டேன்."

யாரினா நிலவறைப் படியில் நின்றிருந்தாள். கீழே, வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே, ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் குண்டுவீச்சுக்குப் பயந்து முடங்கிக் கிடந்தார்கள்.

"நாரைக் கூட்டைத் தொட்டா வீடு எரியும்னு எவனும் கிட்டயே போக மாட்டான். அந்தத் தைரியம் உனக்கு!... நம்ம பீரங்கிக்காரங்களுக்குப் பாலம் தெரியணுமா? ரஷ்யக்காரனுக்கு என் கூரை தெரியுமே, அது?... குறுக்க பேசாத! செஞ்சிலுவைப் பயிற்சியில நானும்தான் உக்காந்தேன். சண்டையில சேராத ஜனங்களச் சுடக் கூடாது. சிப்பாய்க்கு ரொட்டி சுட்டுக் குடுத்தாக்கூட சுடக் கூடாது. ஆனா எதிரி வண்டிய எண்ணி பீரங்கிக்குச் சொல்றவனுக்கு, சொல்ற நேரத்துல அந்தப் பாதுகாப்பு கெடையாது... அவன் சட்டத்தயே மதிக்கலன்னு சொல்றியா? மதிக்காதவனுக்கு நாமளே சாக்கு எடுத்துக் குடுக்கணுமா?... யாரு கோழை? சண்டை இல்லாத லிவீவ் ஊர்ல பத்திரமா உக்காந்து சூப்பு குடிக்கிற நீ என்னச் சொல்றியா?... கழட்டியாச்சு. கோழி குடிக்கிற வாளியில முக்கிட்டேன். போய் அழு!"

அப்போதுதான் தரை அதிர்ந்தது. படியேறி எட்டிப் பார்த்தாள்.

"இரு... ரஷ்யக்காரன் வண்டிங்க... இல்ல, இங்க வரல. பாலத்துப் பக்கம் திரும்புது... தெரியும்டா! அக்கரையில என் பொண்ணு வேலை பாக்கிற ஆஸ்பத்திரி இருக்குன்னு நீ சொல்லணுமா?... எண்ணவா? இப்ப என்ன திட்டுனேன் உன்ன?... வாய மூடு. கொஞ்சம் இரு."

நிலவறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள். ஆப்பிள் மரங்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அறுக்காமல் விட்ட சூரியகாந்திக் காட்டுக்குள் ஓடினாள். வீடு கையளவாகத் தெரியும்வரை நிற்கவில்லை.

"ஹலோ... ம், நான்தான். ரொம்பத் தள்ளி வந்துட்டேன். கூட யாரும் இல்ல... அழாதடா, நேரமில்ல. அந்த ஒன்பது பேரும் ஒண்ணும் பண்ணல, அத நல்லா ஞாபகம் வச்சுக்கோ. பண்றது நான் மட்டும்தான்... ம். எழுதிக்கோ. டாங்கி நாலு. லாரி ஏழு. முதல் டாங்கி இப்ப பாலத்துல ஏறு..."

இணைப்பு அறுந்தது.