வர்க்கி டப்பாவுக்குள் ஆன்டெனா

கூடலூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் தூங்கலாம் என்றிருந்தேன். முன் சீட்டில் ஒரு எஸ்டேட் சூப்பர்வைசரும் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பெண்ணும் விடவில்லை. கேமராவில் யானை தெரிந்தால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் உள்ள போன்களுக்குச் செய்தி அனுப்பும் கருவியை அவள் செய்து கொடுத்திருக்கிறாள். மூன்று முறை யானை வந்தும் ஒரு போன்கூட முனகவில்லையாம்.

“என்னது, வர்க்கி பிஸ்கட் டப்பாக்குள்ள வெச்சீங்களா?”

“மழைல நனையுமேன்னுதானுங்க மேடம். கேமராவ வெளிய விட்டுட்டு அந்தச் செப்புத் தகட்ட மட்டும் உள்ள வெச்சேன். நல்ல தகர டப்பா, மூடி கெட்டியா இருக்கும்.”

“சார், அந்தத் தகடுதான் ஆன்டெனா! அரை மில்லிமீட்டர் கூட்டி, அரை மில்லிமீட்டர் குறைச்சு, ரெண்டு மாசம் டிசைன் பண்ணினேன். தகரத்துக்குள்ள பூட்டி வெச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்?”

“நீங்க சொல்லவே இல்லீங்களே.”

“வர்க்கி டப்பால வெக்காதீங்கன்னு எந்த புக்குல சார் போட்டிருக்கு?”

“ஆனா நேத்து மெசேஜ் வந்துச்சுங்க.”

“எப்படி?”

“வர்க்கி வாசம் போகலை போலிருக்குதுங்க. யானை டப்பாவப் புடுங்கி மூடியத் தொறந்துச்சு. தொறந்த கையோட எல்லா போனும் அடிச்சுது.”

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப, அவள் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குரலில் சந்தோஷம் தெரியக் கேட்டாள்:

“அப்ப டிசைன் சரிதான். ரேஞ்ச் எதுவரைக்கும் சார் வந்துச்சு?”

“கடைசி லைன் வரைக்கும் வந்துச்சுங்க.”

“மெசேஜா?”

“யானைங்க மேடம்.”