தங்கச்சி ரத்தம்

— போட்டோவுக்கு இந்த நீலம் எடுக்குமாக்கா, இல்ல பச்சையப் போட்டுக்கிட்டு வரட்டுமா?

— எதப் போட்டா என்ன? லேபுக்குள்ள மேல வெள்ளக் கோட்டு மாட்டிடுவாங்க. ஒண்ணும் தெரியாது.

— சத்தியமா நம்பவே முடியலக்கா. பியூட்டி பார்லர் வச்சிருக்கறவளக் கூப்பிட்டு உங்க லேப் டைரக்டர் பக்கத்துல நிக்க வைக்கறாரு! நீ ஏன் உம்முன்னு இருக்கே?

— கண்ணு பூத்துப்போற வரைக்கும் இங்க உக்காந்தது நான். போட்டோல இளிக்கப் போறது நீ. உம்முன்னு இல்லாம, ஆடிப் பாடவா?

— கோச்சுக்காதேக்கா. யாராவது கேட்டா சொல்லணுமில்ல? என் ரத்தத்துல அப்படி என்னதான் இருக்கு?

— கேட்டுக்கோ. கொரோனா கிருமி மேல முள்ளு முள்ளா இருக்கும். அந்த முள்ளோட நுனி நம்ம உடம்புச் செல்லுல இருக்கற ஒரு கொக்கியப் பிடிச்சாத்தான் கிருமி உள்ள போக முடியும். ரத்தத்துல ஓடற ஆன்டிபாடி போய் அந்த முள்ளப் பிடிச்சுக்கும்.

— பிடிச்சா கிருமி காலியா?

— எங்க பிடிக்குதுங்கறதுலதான்டி சூட்சுமம். நாம ரெண்டு பேரும் ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்தோமே, அதுல என் குழாய்ல கிடைச்சது முள்ளோட அடித்தண்டப் பிடிச்சுது. உடும்புப் பிடி. என்ன பிரயோஜனம்? நுனி சும்மாத்தானே கிடக்கு! கிருமி அதையும் சுமந்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. உன் குழாய்ல கிடைச்சது நேரா நுனியிலேயே உக்காந்துக்கிச்சு. கொக்கியத் தொட வழியில்ல. உருமாறி வந்த கிருமியக்கூட விடல.

— பாத்தியா! நான் உச்சந்தலையப் பிடிச்சா அசைய முடியாதுன்னு என் கடைக்கு வர்றவங்களும் சொல்வாங்க, சத்தியமா!

— ரொம்பப் பீத்திக்காதே. ஒரே ஆளு உடம்புலயே ஆயிரம் விதம் ஓடும். ஒவ்வொரு குழாய்லயும் ஒவ்வொண்ணு மாட்டும். அதிர்ஷ்டம், வேறென்ன? அது எப்பவும் உன் பக்கந்தானே! அழகு உனக்கு, அம்மா மடி உனக்கு. எனக்குன்னு இருந்தது இந்தப் படிப்பு ஒண்ணு. அதுலயும் பங்குக்கு வந்துட்டே. வயிறு எரியுதுடி, சொல்லிட்டேன்.

— அக்கா... இந்தக் குட்டிச் சீசா என்னது? என் நம்பர் ஒட்டியிருக்கு.

— அதுதான் உன் பெருமை. அந்த ஆன்டிபாடியச் சுரக்கற செல்லு. அதோட ஜீன இன்னும் படிக்கக்கூட இல்ல, படிச்சிருந்தா மறுபடி செஞ்சுக்கலாம். இருக்கறது இந்த ஒரே சீசாதான்.

— உறைய வச்சே வைக்கணும்னு சொன்னியே? ஜன்னல் வெயில்ல கிடக்குதே, கெட்டுடாது?

— கெடட்டும்.

— விளையாடாதேக்கா!

— காலைல நான்தான் வெளிய எடுத்து வச்சேன். கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன். நீ போட்டோ மட்டும் எடுத்துக்கோ.

— ஐயோ, உள்ள வச்சிடுக்கா! சத்தியமா அது என்னோடது இல்ல!

— நம்பர் உன்னோடதுதானே?

— நம்பர் மட்டுந்தான். ரத்தம் எடுத்த அன்னிக்கு ஊசியப் பாத்ததும் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. நீ முன்னாடியே நம்பர் ஒட்டி வச்ச குழாய் காலியாத் திரும்பினா நீ கத்துவேன்னு நர்சம்மாவுக்கு பயம். நீ எப்பவும்போல கண்ண இறுக்கி மூடிக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தே. ஒரே குத்து. ரெண்டு குழாயும் உன் கையிலேருந்துதான் நெறஞ்சுது.

— பொய்... பொய் சொல்றே. அப்பவே ஏன்டி வாயத் திறக்கல?

— நீ சிரிப்பேன்னு. அப்புறம், முதல்முதலா நீ என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டியா... சின்ன வயசுலேருந்து உன் படிப்பப் பாத்து நான் பட்டதெல்லாம் ஆறின மாதிரி இருந்துச்சு. விட்டுக்கொடுக்க மனசு வரலக்கா.

— கொடு. அந்தச் சீசாவ இப்படிக் கொடு. சீக்கிரம்டி!

— இந்தா... ஆனா அக்கா, கெட்டியா உறைஞ்சிருக்கும்னியே. இது வெதுவெதுன்னு இருக்கே.