இறங்கி வராத மச்சான்

உங்கள் அறையில் மாட்டியிருக்கிற தீயணைப்பு உருளை போன வருடமே காலாவதி ஆகிவிட்டது, இன்ஸ்பெக்டர் சார். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. எங்கே போனாலும் என் கண் வெளியேறும் வழியைத்தான் தேடும். இங்கே இருப்பது ஒரே வாசல். என்னை உள்ளே விட்டதும் அதையும் பூட்டிவிட்டீர்கள்.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரி. மாதாமாதம் தீ ஒத்திகை நடத்துவேன். மணி அடித்ததும் எல்லோரும் அரட்டை அடித்துக்கொண்டே முற்றத்துக்கு இறங்குவார்கள். பிஸ்கட் கொடுத்து, பழைய தீ விபத்துகளைக் கதையாகச் சொல்வேன். ஒரு காலத்தில் நாடகக் கொட்டகைக் கதவுகள் உள்பக்கமாகத் திறந்தன. ஓடிவந்த கூட்டம் கதவோடு நசுங்கியது. அப்புறம்தான் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று விதி வந்தது. தையல் கூடங்களைப் பூட்டிவைத்து வேலை வாங்கினார்கள். உள்ளே பெண்கள் வெந்த பிறகுதான் பூட்டக் கூடாது என்றார்கள். யாராவது சாகாமல் ஒரு விதியும் வந்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

ஒருவர் மட்டும் இறங்கி வரமாட்டார். மூன்றாம் மாடிக் கணக்கர், என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரே அவர்தான்.

"மாப்ளே, நான் வெந்து சாம்பலாயிட்டேன்னு எழுதிக்கோ. போய் மணியை ஆட்டு."

மாடியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் என் பிள்ளைகளிடம், "எங்கடா உங்கப்பன் மணியாட்டி?" என்பார். அதுகளும் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு அதிலெல்லாம் வருத்தமே இல்லை. தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆனால் அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள். முதலாளியிடம் சொன்னேன்.

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார்.

ஏதாவது ஆனால் எல்லோருக்கும் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அன்று மூன்றாம் மாடியில், அட்டைக் குப்பை போடும் அறையில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். பிறகு மணியடித்தேன். உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் நானே கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பி அனுப்பினேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை சார், விசாரித்துப் பாருங்கள்.

மச்சான் வழக்கம்போல நாற்காலியை விட்டு நகரவில்லை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அது தப்பு. அன்று அவர் எழுந்து படி வாசல் வரை வந்தார். முந்தின நாள் என் மனைவி அவரைப் பிடிபிடி என்று பிடித்திருக்கிறாள்.

"தங்கச்சி திட்டித் தீர்த்துட்டா மாப்ளே. இனிமே நீ மணியடிச்சா நான்தான் முதல் ஆள், போதுமா?"

எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் தீ பிடித்தாகிவிட்டதே. ஆள் சாகாத தீயை யார் சார் மதிக்கிறார்கள்?

"இன்னைக்கும் ஒத்திகைதான் மச்சான். உங்களுக்கு முட்டி வலி வேற. போய் உக்காருங்க, வந்துட்டீங்கன்னே எழுதிக்கிறேன்" என்றேன்.

"நல்ல மாப்ளடா நீ" என்று தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் கீழே போய் ஆட்களை எண்ணினேன்.

அதற்குப் பிறகு நடந்த ஒத்திகையில் ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கினார்கள். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணன் தன் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தார் என்பதை மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள் சார். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.